38,000 கண்ணிகள்

போன குளிர்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து ஒரு கோட் பின்னினேன். 6.5 மில்லிமீட்டர் வட்ட ஊசி, ஒரு கிலோ இருநூறு கிராம் கம்பளி நூல், தொடை வரை நீளம். உள்ளே ஒரு சட்டையும் அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டரும் போட்டாலும் தாராளமாக மேலே விழுகிற அளவு. நான் இருப்பது கிளாஸ்கோவில், மணற்கல்லில் கட்டிய பழைய அடுக்ககம் ஒன்றில். கூரை ரொம்ப உயரம். ஹீட்டர் போட்டால் சூடு நேராக மேலே போய் ஒட்டடைக்குக் கதகதப்பு கொடுக்கும். 2022-இல் எரிவாயு விலை ஏறியபின் இந்த ஊரில் வீட்டுக்குள்ளேயே ஆடைமேல் ஆடை போட்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் ஃபேஷன் இல்லை, பட்ஜெட்.

அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள் சொன்னதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் பாராட்டத்தான் செய்தார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு பாராட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எரிச்சல் ஏறியது.

கல்லூரி நண்பன் ஒருத்தன் இங்கேதான் இருக்கிறான். "எத்தன மணி நேரம்டா ஆச்சு?" என்றான். அறுபது இருக்கும் என்றேன். உடனே போனை எடுத்து என் சம்பளத்தை மணிக்கணக்காக்கி அறுபதால் பெருக்கினான். "இந்தக் காசுக்கு நாலு நல்ல ஜாக்கெட் வாங்கியிருக்கலாமே மச்சி." அலுவலகத்தில் நலவாழ்வு வாரம் நடத்துபவர், மன அழுத்தத்தைப் பின்னல் எப்படிக் குறைக்கிறது என்று அரைமணி நேரம் பேச முடியுமா என்று கேட்டார். என் டீமில் ஒருவர் இன்னும் மேலே போனார். "யோசிச்சுப் பாத்தா இது பைனரிதானே? நேர்க்கண்ணி ஒண்ணு, எதிர்க்கண்ணி பூஜ்யம். நீங்க கோட் எழுதியிருக்கீங்க." (தமிழில் எழுதினால் இரண்டு கோட்டும் ஒன்றுதான். அந்தச் சிலேடை அவருக்குத் தெரியாது.)

செலவு, தியானம், நிரல். பின்னல் இவற்றில் எதுவாகவும் இருக்கலாமாம். வேலையாக மட்டும் இருக்கக் கூடாது. அந்த ஒரு சொல்லை யாரும் சொல்லவில்லை.

என்ன வேலை என்று சொல்கிறேன். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் மாதிரித் துண்டு ஒன்றை முதலில் பின்ன வேண்டும். எனக்கு அதில் 14 கண்ணி, 20 வரி வந்தது. என் மார்புச் சுற்றளவு 96. அடுக்கி உடுத்தும் கோட் என்பதால் தாராளத்துக்கு 30 சேர்த்து 126 சென்டிமீட்டர். பெருக்கினால் 176 கண்ணி. எண்ணிப் போட்டு ஆரம்பித்துவிட்டேன். மாதிரித் துண்டைத் துவைத்துக் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சோம்பேறித்தனம். அறுபது வரி போனபிறகு சந்தேகம் வந்து துவைத்துப் பார்த்தால் 14 இருந்த இடத்தில் 13. ஒரே ஒரு கண்ணி. அதே வேகத்தில் போயிருந்தால் கோட்டின் சுற்றளவு 135 சென்டிமீட்டர் வந்திருக்கும். என்னோடு இன்னொருத்தரும் பாதி உள்ளே நுழையலாம். 10,560 கண்ணிகளையும் பிரித்து உருண்டையாகச் சுற்றினேன். மன அழுத்தம் குறைந்ததா என்று யாராவது அப்போது வந்து கேட்டிருக்க வேண்டும்.

ஏன் நீண்டது? வாஷிங் மெஷினில் போடலாம் என்று லேபிள் ஒட்டிய நூல் அது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று கவ்வுவதால்தான் கம்பளி துவைத்தால் சுருங்குகிறது. அதே கவ்வல்தான் ஆடையின் வடிவத்தையும் பிடித்துவைக்கிறது. செதிலை ரசாயனத்தால் மழுக்கிவிட்டால் சுருங்காது, ஆனால் நனைந்ததும் தொங்கும். அந்தத் தாராளமும் இஷ்டத்துக்கு வைக்கிற விஷயமில்லை. நமக்குச் சூடு தருவது நூலுக்குள்ளும் ஆடைகளுக்கு நடுவிலும் மாட்டிக்கொண்ட காற்று. இடம் போதாவிட்டால் உள்ளே போட்ட ஸ்வெட்டர் நசுங்கிக் காற்று போய்விடும். இடம் அதிகமானாலோ நடக்க நடக்கக் கோட் துருத்திபோல இயங்கி, சேர்த்துவைத்த சூட்டைக் கழுத்து வழியாக வெளியே தள்ளும். ஒரு கிலோவுக்கு மேல் எடை முழுக்கத் தோளில் தொங்குவதால், அங்கே தனித்தனித் துண்டாகப் பின்னித் தையல் போட்டு இணைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டே மாதத்தில் கோட் முழங்காலுக்கு இறங்கிவிடும்.

எலிசபெத் சிம்மர்மன் என்று ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் விஸ்கான்சினில் வாழ்ந்தவர். உடம்புக்கான கண்ணி எண்ணிக்கையை நூறு என்று வைத்துக்கொண்டால் மணிக்கட்டுக்கு 20, மேற்கைக்கு 33, கழுத்துக்கு 40 என்று ஸ்வெட்டரையே சதவீதங்களாக மாற்றியவர். யாருடைய உடம்புக்கும், எந்த நூலுக்கும் பொருந்தும். தான் இதைக் 'கண்டுபிடித்ததாக'ச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம். தனக்கு முன்னால் எங்கோ யாரோ இதைச் செய்திருப்பார்கள் என்று அதற்காகவே வேறொரு சொல்லை உண்டாக்கிக்கொண்டார். எங்கள் துறையில் அந்தக் கூச்சத்தை நான் பார்த்ததில்லை. பின்னலைக் 'கோடிங் மாதிரி' என்று சொல்பவரிடம் எனக்கு இருக்கும் சண்டையும் இதுதான். கோடிங்குக்கு ஒப்பிட்டால்தான் ஒரு பெண்ணின் கணக்குக்கு மரியாதை கிடைக்கும் என்றால், அந்த மரியாதை யாருக்குப் போகிறது?

இரண்டாம் முறை 164 கண்ணியில் ஆரம்பித்தேன். 150 வரி. உடம்பு மட்டும் 24,600. கைகள், காலர், முன்பட்டி, இரண்டு பைகள் எல்லாம் சேர்த்தால் 38,000 சொச்சம். பிரித்துப் போட்டது கணக்கில் வராது. எப்போதும் வராது.

இனி நண்பனின் பெருக்கலுக்கு வருகிறேன். கணக்கு தப்பில்லை, ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அந்த வரி எங்கள் ஊரில் இருக்கிறது. நான் திருப்பூர்க்காரன். 'பின்னலாடை' என்ற சொல் எங்கள் ஊருக்குச் சோறு போடும் சொல். நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குட்டிக் குட்டியாக 'வி' வடிவம் வரிசையாகத் தெரியும். என் கோட்டில் இருப்பதும் அதே கண்ணிதான், கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரிது, அவ்வளவுதான். அங்கே துணியை வட்ட மெஷின் ஓட்டிவிடும். ஆனால் வெட்டிய துண்டுகளைத் தையல் மெஷினுக்குள் திருப்பித் திருப்பிக் கொடுப்பது இன்றைக்கும் மனிதக் கைதான். கையால் செய்யாத சட்டை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. 'ஹேண்ட்மேட்' என்று லேபிள் ஒட்டி விற்பவர்கள், மற்றதெல்லாம் தானாக முளைத்தது என்று நம்பச் சொல்கிறார்கள்.

என் அறுபது மணி நேரம் நாலு ஜாக்கெட்டுக்குச் சமம் என்றால், அந்த நாலு ஜாக்கெட்டுகளில் போன மணிநேரங்களுக்கு என்ன கொடுத்தார்கள்? நண்பன் அதைப் பெருக்கவில்லை. எனக்கு அந்த விடை ஓரளவு தெரியும், ஏனென்றால் என் அம்மா பிசிறு வெட்டுவார். தைத்து முடித்த பனியனில் தொங்கிக்கொண்டிருக்கும் நூல் முனைகளைச் சின்ன கட்டரால் நறுக்கும் வேலை. சாயங்காலம் டிவிஎஸ் ஃபிப்டியில் மூட்டை வந்து இறங்கும், காலையில் திரும்பப் போகும். பீஸுக்கு இத்தனை பைசா. துணியில் கட்டர் பட்டு ஓட்டை விழுந்தால் அந்த பீஸின் விலை கூலியில் கழியும். டிவி முன்னால் உட்கார்ந்து செய்வார் என்பதால் சொந்தக்காரர்கள் அதைப் பொழுதுபோக்கு என்றே நினைத்தார்கள். "சும்மா உக்காந்திருக்கற நேரத்துக்கு நாலு காசு" என்பார் பெரியப்பா. அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பொறியியல் கல்லூரி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். என் கையெழுத்தில், நீல மையில். விண்ணப்பக் கட்டணம் போனது அந்த பைசாக்களிலிருந்துதான். நண்பன்மேலும் நலவாழ்வு வாரக்காரர்மேலும் எனக்கு வரும் கோபத்தில் பாதி அந்தக் கட்டத்தின் மேல் வருவது என்று ஒப்புக்கொள்கிறேன்.

நான் இப்போதிருக்கும் நாட்டிலும் இந்தக் கதை பழையது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகள். மோதிரத்துக்குள் இழுத்துவிடலாம் என்று சொல்லுமளவு மெல்லிய சால்வைகளைப் பின்னிய பெண்கள் அங்கே இருந்தார்கள். 1872-இல் அரசு விசாரணை அறிக்கை ஒன்று வந்தது. பின்னிக் கொண்டுவந்த சால்வைக்கு வியாபாரி பணம் தருவதில்லை என்று பெண்கள் சாட்சி சொன்னார்கள். அவர் கடையிலிருந்தே தேயிலையோ துணியோ எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் மாவில்லை என்றால் அந்தத் தேயிலையைத் தூக்கிக்கொண்டு போய் எங்காவது மாற்ற வேண்டும். கூலியைப் பொருளாகக் கொடுப்பதைத் தடுக்க 1831-லேயே சட்டம் வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து பின்னும் பெண்ணை அந்தச் சட்டம் தொழிலாளியாகப் பார்க்கவில்லை. எரிக்கும் பீட் மண்ணை முதுகுக் கூடையில் சுமந்து நடந்தபடியே அவர்கள் பின்னிய பழைய புகைப்படங்கள் இன்று அழகான தபால் அட்டைகள். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய நிலைமை எதனால் வந்தது என்று அட்டையின் பின்பக்கம் எழுதியிருக்காது.

காசு கொடுக்க மனமில்லாத இடத்தில் கதை கொடுப்பார்கள். அயர்லாந்தின் அரன் ஸ்வெட்டரைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பின்னல் வடிவம், மூழ்கிய மீனவன் கரை ஒதுங்கினால் ஸ்வெட்டரை வைத்து ஆளை அடையாளம் காண்பார்கள், யுகயுகமாக வரும் மரபு. நாம் பார்க்கும் அரன் ஸ்வெட்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. பின்னலுக்குப் புனித வரலாறு எழுதி இந்த மயக்கத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஆக்ஸ்போர்டில் நூல் கடை நடத்திய ஹெய்ன்ஸ் எட்கர் கீவ். அவர் புத்தகம் வந்தது 1967-இல். நூல் விற்பவருக்கு மர்மம் நல்ல சரக்கு.

மூழ்கியவன் கதைக்கு ஊற்று ஜே.எம். சிங்கின் 'ரைடர்ஸ் டு தி சீ' நாடகம் என்பார்கள். 1904-இல் டப்ளினில் மேடையேறியது. அதில் குலச்சின்னம் எதுவும் கிடையாது. வருவது ஸ்வெட்டர்கூட இல்லை, ஒரு காலுறை. தங்கை நோரா அதன் கண்ணிகளை எண்ணுகிறாள். அறுபது போட்டு நாலை விட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. எண்ணிக்கை பொருந்துகிறது. அண்ணன் செத்துவிட்டான் என்று அப்படித்தான் அவளுக்கு உறுதியாகிறது. தன் வேலையைத் தானே அறிந்த ஒருத்தியின் கணக்கு அது, விட்ட நாலு கண்ணி உட்பட. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் குலமரபை வைத்தார்கள். எனக்கு அந்த நாடகத்தை நினைத்தால் அழுகை வருவது அந்த எண்ணிடத்தில்தான்.

என் பக்கத்து ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். நூலுக்கு நான் கொடுத்த விலைக்கே கடையில் ஒரு நல்ல ஜாக்கெட் கிடைக்கும். அறுபது மணி நேரம் கூலியில்லாமல் உட்கார முடிந்தது மற்ற நேரத்துக்கு எனக்கு நல்ல கூலி வருவதால். எல்லோரும் அவரவர் ஆடையைப் பின்னிக்கொண்டால் உலகம் திருந்தும் என்ற கட்சியில் நான் இல்லை. அந்தக் கட்சிக்காரர்கள் போடும் பனியனும் திருப்பூரிலிருந்தோ டாக்காவிலிருந்தோதான் வருகிறது. இன்னொன்று, நான் ஆண். ரயிலில் உட்கார்ந்து நான் பின்னினால் எதிர் சீட்டுப் பாட்டி புன்னகைக்கிறார், படம் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பெருவில் டக்கீலே தீவில் ஆண்கள்தான் தொப்பி பின்னுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே அதே ரயிலில் மூன்று சீட் தள்ளிப் பின்னிக்கொண்டிருக்கும் பெண்ணை ஒருத்தரும் படம் எடுக்கவில்லை. எனக்குக் கிடைத்த பாராட்டில் எவ்வளவு கோட்டுக்கு, எவ்வளவு மீசைக்கு என்று பிரிக்க என்னிடம் சதவீதக் கணக்கு இல்லை.

நலவாழ்வு வாரத்தில் நான் பேசவில்லை. பின்னல் எவ்வளவு கடினம், அதற்கு யார் யாருக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்று பேசலாமா என்று பதில் எழுதினேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

விடுப்பில் ஊருக்குப் போனபோது கோட்டை எடுத்துப்போனேன். ஏப்ரல் மாதம், திருப்பூர், கம்பளிக் கோட். பெட்டியிலிருந்து எடுத்ததும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. மடியில் போட்டு, முன்பக்கத்தை ஒருதரம்கூடப் பார்க்காமல், உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினார். தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அக்குளுக்கு வந்ததும் விரல் நின்றது.

"யாரு கண்ணு இத இத்தன குட்டையா வெட்டுனது?"

"நான்தாம்மா."

"நூல் முடியக் கொஞ்சம் நீளமா உட்டு உள்ளாற ஓட்டியிருக்கோணும். ரெண்டு தொவைக்கு வெளிய வந்துரும் பாரு. அப்பறம் கண்ணி ஒவ்வொண்ணா உட்டுப்போயிரும்." கொஞ்சம் தள்ளி இன்னொன்றைக் கண்டுபிடித்தார். "இங்கயும். இதுலயும். செக்கிங்ல இது நிக்காது சாமி."

மொத்தம் பதினோரு இடம். நான் எண்ணினேன். மிச்ச நூல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, பெரிய ஊசி ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் ஆகும், அப்புறம் செய்துகொள்ளலாமே என்றேன்.

"லைட்டப் போட்டுட்டு நீ போய்ச் சோறு தின்னு. எனக்கு வேல கெடக்குது."