விற்பவரா, காப்பவரா?

மருந்துக் கடைக்கு வருகிறார் ஒரு தாய். கையிலே மருத்துவர் தந்த சீட்டு, முகத்திலே கவலை. நீரிழிவு மாத்திரைகளை வாங்கியபின், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருக்கும் மூலிகைப் பொடியைச் சுட்டிக்காட்டி, "ஐயா, இதைச் சாப்பிட்டால் மாத்திரையை விட்டுவிடலாமாமே?" என்று கேட்கிறார். "விடலாம்" என்றால் வாணிபம் வளரும். "விடாதீர்கள்" என்றால் வாழ்வு நிலைக்கும். எதைச் சொல்லக் கடமைப்பட்டவர் மருந்தாளுநர்?

மூலிகை என்றாலே தீங்கற்றது என எண்ணுவது பேதைமை. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தியைக் கேளுங்கள். மாற்று இதயம் பொருத்தப்பெற்ற இருவர், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் எனும் மூலிகையை உட்கொண்டனர். அவர்தம் புதிய இதயத்தைக் காத்துநின்ற சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு குருதியிலே குறைந்தது; உடல் அந்த இதயத்தை ஏற்க மறுத்தது! 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்ததை எடுத்துக்காட்டிற்று.

சித்தர் தந்த மருத்துவத்தைப் பழிப்பதா நம் நோக்கம்? அல்ல, அல்ல! பயனுள்ள மருந்து சோதனைக்கு அஞ்சாது, அஞ்சுவது போலியே. ஆகவே, வேறென்ன உட்கொள்கிறீர் என்று கேட்பதும், தெரிந்ததை உரைப்பதும், தெரியாததைத் தெரியாதென ஒப்புவதும், ஐயமெனில் மருத்துவரிடம் அனுப்புவதும் மருந்தாளுநரின் நீங்காக் கடமைகள்.

சட்டம் இல்லாமலில்லை. நீரிழிவையும் புற்றுநோயையும் தீர்ப்பதாக மருந்தை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாய்மொழி அறிவிப்பையும் விளம்பரமென்றே அது கொள்கிறது. மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை கூறவேண்டுமென 2015ஆம் ஆண்டு விதிகள் பணிக்கின்றன. ஆனால் நடப்பது என்ன? சான்றிதழ் சுவரிலே தொங்க, அதற்குரியவர் எங்கோ இருக்கும் கடைகள் எத்தனை! அவர் இருக்கும் இடத்திலும், 'விற்பனையைப் பெருக்கு' என்று முதலாளி முடுக்கினால், மாதச் சம்பளக்காரர் மனச்சான்றின்படி பேசுவது எளிதா?

மருத்துவருக்குக் கட்டணம் தர இயலாத ஏழை, மருந்துக் கடையையே நம்பி வருகிறான். பணக்காரன் ஏமாந்தால் பணம் போகும். ஏழை ஏமாந்தால் உயிரே போகும்!

எனவே, தோழர்களே, உங்கள் ஊர்க் கடையிலே கேளுங்கள்: "பதிவு பெற்ற மருந்தாளுநர் எங்கே? இப்பொடி நான் உண்ணும் மாத்திரையோடு ஒத்துப்போகுமா?" கேட்பது உங்கள் உரிமை. உண்மையை உரைக்கும் மருந்தாளுநருக்குத் துணைநிற்பது நமது கடமை!