உம்மையும் ஓர் இயற்றுமொழியும்

லிங்கநகரிலே ஒருவர் மற்றொருவரிடம், "பத்து வள்ளமும் இன்று கடலுக்குப் போகவில்லை" என்கிறார் என்று கொள்வோம். ஒரு வள்ளமேனும் போகவில்லை என்பது பொருளா? சில போயின, சில நின்றன என்பதா? நேரிற் கேட்பவருக்குக் குரலின் ஏற்றத்தாழ்வே விடை கூறிவிடும். அதே வாக்கியம் அச்சேறினால், புயற்காலத்தில் கரையிற் காத்திருக்கும் வீட்டாருக்கு அது போதாது.

இவ்வையத்தை நம் இலக்கண நூலார் அறியாதவரல்லர். உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்த தொல்காப்பியர், முற்றும்மை எச்சமாகவும் நிற்கும் என்று தனியே விதி செய்தார். உரையாசிரியர் அதனை எதிர்மறை வினை கொண்டு விளக்கினர். அவருள் சேனாவரையரின் உரையை 1938-இல் விரிவான குறிப்புகளுடன் நமக்கு அளித்தவர் ஈழத்துச் சி. கணேசையர், திருகோணமலை தந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் சேனாவரையப் பதிப்பில் உழைத்தவரே. ஆயின் இலக்கணம் வழக்கைக் காட்டிற்றேயன்றி ஐயத்தை நீக்கவில்லை. நீக்குவது அதன் தொழிலுமன்று.

நீக்குவதையே தொழிலாகக் கொண்டது லொஜ்பான் என்னும் இயற்றுமொழி. அமெரிக்கரான ஜேம்ஸ் குக் பிரவுன் 1955-இல் தொடங்கிய லொக்லானிலிருந்து 1987-இல் கிளைத்தது அது. (பிணங்கிப் பிரிந்த கதை, இங்கு வேண்டுவதில்லை.) பெயர்களை இணைக்க அதில் நான்கு உயிரொலிகளே அடிப்படை. நம் சொற்களுக்கிடையே அவற்றை இட்டுப் பார்ப்போம். 'தேநீர் எ கோப்பி' என்றால் இரண்டும். 'அ' என்றால் ஒன்றேனும். 'ஒ' என்றால் இரண்டும் சேர்ந்தோ, இரண்டுமின்றியோ. 'உ' என்றால் தேநீர் உறுதி, கோப்பி இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன! ஒகரத்தோடு 'நை' என்னும் மறுப்பைச் சேர்த்தால், இரண்டனுள் ஒன்று மட்டும். 'ஜி' என்று இணைத்து வினவினால், இணைப்புச் சொல்லையே விடையாகக் கூறிவிடலாம். வள்ளச் சிக்கலும் அங்கில்லை. மறுப்புச் சொல் 'எல்லாம்' என்பதற்கு முன் நிற்கிறதா, பின் நிற்கிறதா என்பதே பொருளை அறுதியிடும்.

இதைக் கண்டு, தமிழ் தருக்கத்திற்கு ஏலாதது என்பார் ஒருசாரார்; எல்லாம் தொல்காப்பியத்தில் உண்டென்பார் மறுசாரார். இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. 'ஒரு வள்ளமும் போகவில்லை', 'சில வள்ளங்களே போயின' என்று தமிழில் ஐயமற எழுதலாம், நாம்தாம் எழுதுவதில்லை. வினாத்தாளில் 'முதற் பகுதிக்கு அல்லது இரண்டாம் பகுதிக்கு விடை எழுதுக' என்கிறோம். இரண்டுக்கும் எழுதிய மாணவனுக்குப் புள்ளியிடுவதில் ஆசிரியர் இருவர் மாறுபட இடமுண்டு. 'ஒன்றற்கு மட்டும்' என்றால் தீர்ந்தது!

வகுப்பிலோ உம்மையின் எட்டுப் பொருளையும் உருப்போடச் செய்வதோடு நின்றுவிடுகிறோம். அவ்வெட்டோடு லொஜ்பானின் நான்கு உயிரையும் கரும்பலகையில் எழுதி, எதற்கு எது ஈடு என்று மாணவரைத் தேடச் சொல்லலாம். உகரத்துக்கு ஈடான தமிழ்த்தொடரை அவர்கள் எளிதிற் கண்டுகொள்வர். 'அரசனும் அஞ்சினான்' என்னும் சிறப்பும்மைக்கு ஈடு அந்த நான்கினுள் அகப்படாது.