புழு பழகிவிட்டது, பழி மட்டும் நம் மேலா?



பி.டி. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு விழுந்தால் பழி யார் தலையில்? நம் தலையில்தான்! "ஓரத்தில் சாதாப் பருத்தி போடலை, அதான் புழு வந்துச்சு" என்கிறார்கள் விதை விற்றவர்கள். நடந்தது என்ன?

பருத்தி ஒன்றும் வாய்மூடி நின்று சாகிற செடி இல்லை. இலையிலும் கொட்டையிலும் தெரியும் கறுப்புப் புள்ளிக்குள் காசிப்பால் என்ற விஷத்தை வைத்திருக்கிறது. (இளங்கன்றுக்குப் பருத்திக்கொட்டை ஆகாது என்பது இதனால்தான்.) இலையில் சுணை இருந்தால் தத்துப்பூச்சி அண்டாது. இலை அடி நரம்பில் தேன் சுரந்து எறும்பைக் கூப்பிடும். புழு கடித்தால் ஒரு வாடை விடும். அதை மோப்பம் பிடித்துக் குளவி வந்து புழு உடம்பிலேயே முட்டையிடும். புழுவும் சும்மா இருக்கவில்லை. காசிப்பாலைத் தின்று செரிக்கப் பழகியது, காய்க்குள் புகுந்து ஒளியக் கற்றது. இது மனுசன் பருத்தி விதைக்கு முன்பிருந்தே நடக்கிற சண்டை. நாம் மருந்தடித்தபோது முதலில் செத்தது செடிக்குத் துணை வந்த குளவிதான்!

2002-ல் பி.டி. விதைக்கு அனுமதி கொடுத்தார்கள். மண்ணிலுள்ள ஒரு பாக்டீரியாவின் விஷம் செடி முழுக்க, இரவு பகலாக. அதைத் தாங்கும் புழு எங்கோ ஒன்றிரண்டு இருக்கும். மற்றதெல்லாம் செத்தால் அதுவும் அதுவும் சேர்ந்து அதன் வம்சமே காடெங்கும் பெருகும். பக்கத்தில் சாதாப் பருத்தி இருந்தால் அங்கே பிழைத்த அந்துப்பூச்சி இதோடு இணையும். பிறக்கும் குஞ்சு பி.டி. செடியில் சாகும். ஓரப் பயிரின் கணக்கு இதுதான். இதை நம் களத்துமேட்டுக்கு வந்து எவராவது சொன்னார்களா? 450 கிராம் பையோடு 120 கிராம் பொட்டலம் ஒன்றைத் திணித்ததோடு சரி. அதில் முளைக்காத விதையும், முன்னே பின்னே பூக்கும் விதையும் வந்ததை நாம் பார்த்தோமே!

குஜராத்தில் புழு பழகிவிட்டதாக 2010-ல் மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. 2006-லேயே இரண்டாவது விஷம் சேர்த்த விதை வந்திருந்தது. 2015-ல் அதே குஜராத்தில் அதையும் தின்றது புழு. சாதா விதையைப் பையிலேயே கலந்து விற்கலாம் என்று ஏற்பாடு வந்தது எப்போது? அதற்கும் பிறகு!

அமெரிக்காவிலும் இதே புழுதான். அரிசோனாவில் 1996 முதல் ஓரப் பயிரை ஒழுங்காகப் போட வைத்தார்கள். 2006 முதல் மலட்டு அந்துப்பூச்சிகளை வானிலிருந்து கொட்டினார்கள். 2018-ல் புழு ஒழிந்ததென்று அறிவித்தார்கள். அங்கே விற்றது ரக விதை. நமக்கோ வருசா வருசம் கடைக்கு வரவைக்கும் ஒட்டு விதை! அதன் காயில் விஷமுள்ள கொட்டையும் இல்லாத கொட்டையும் கலந்து கிடக்கும். அரைகுறை விஷத்தில் புழுவுக்குப் பயிற்சி கொடுத்தது இந்த விதை. கம்பெனி லாபத்துக்கு நம் காடு பள்ளிக்கூடமா?

குறுகிய வயதுள்ள ரக விதைகளையும், சாறு உறிஞ்சும் பூச்சியைத் தாங்கும் கருங்கண்ணியையும் அரசு விதைப் பண்ணையில் பெருக்கிக் கொடு! இனக்கவர்ச்சிப் பொறியும் முட்டை ஒட்டுண்ணி அட்டையும் விதைப்புக்கு முன்பே கைக்கு வரட்டும். புழு தின்ற காட்டுக்கு விதை விற்றவனிடமே நஷ்டஈடு வாங்கிக் கொடு!

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு அனைவரும் திரண்டு வாருங்கள். விதைப் பை, கடை ரசீது, புழு விழுந்த காய் மூன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.