மருந்தின் அளவைத் தமிழில் சொல்லுங்கள்

புல்லுக்கு அடிப்பதும் மருந்து, பிள்ளைக்குக் கொடுப்பதும் மருந்து. நம் தோட்டங்களில் இரண்டுக்கும் ஒரே பெயர். லயக் காம்பராவில் இரண்டும் அருகருகே இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தாய்மார் நன்கறிவர். அளவும் போத்தலும் தவறினால் பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தும் நஞ்சுதான்.

காய்ச்சலுக்குத் தரும் பரசிட்டமோல் பாணியைப் பாருங்கள். பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பதே கணக்கு. 10 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 150 மில்லிகிராம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது. போத்தலுக்குப் போத்தல் மருந்தின் செறிவு மாறும். வீட்டுக் கரண்டிகளும் ஒரே அளவு அல்ல. அளவு மிஞ்சினால் ஈரல் கெடும். முதல் நாளில் பிள்ளை நன்றாக இருப்பதுபோலவே தெரியும் என்பதால் காத்திருக்கக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் அஸ்பிரினும் இபுபுரோபனும் ஆகவே ஆகாது.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனியைப் பக்கெட்டில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அதோடு 10 முதல் 14 நாட்களுக்கு சிங்க் மாத்திரையும் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இலேயே கூறிவிட்டன. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தக் கூடாது.

சோடாப் போத்தலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெயைப் பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மருந்தடிக்கும் இரசாயனம் மேலில் பட்டால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எதைக் குடித்திருந்தாலும் அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 சுவசெரிய அம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை. சில பூச்சிநாசினிகளுக்கு மாற்று மருந்தாகும் அட்ரோபீனை வைத்தியசாலையில்தான் ஏற்ற முடியும்.

இதையெல்லாம் தாய்மாரின் கவனத்தில் மட்டும் விட்டுவிட நாம் தயாரில்லை. 1995 தொடங்கி அதிக நச்சுள்ள பூச்சிநாசினிகளையும், 2008 முதல் 2011 வரை பரக்குவட் உட்பட வேறு சிலவற்றையும் இந்த நாடு தடைசெய்தது. அதனால் நஞ்சருந்தி இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. சட்டமும் நிர்வாகமும் நினைத்தால் உயிரைக் காக்க முடியும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. தோட்ட வைத்திய உதவியாளர் பிள்ளையை நிறுத்துப் பார்த்து, மருந்தின் அளவைத் தமிழில் எழுதி, அளவுக் கிண்ணத்தோடு தர வேண்டும். 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. ஆகவே இது சலுகை அல்ல, உரிமை. இரசாயனங்கள் பூட்டிய ஸ்டோரில் இருக்க வேண்டும். வெற்றுப் போத்தல்கள் லயத்துக்கு வரக் கூடாது. மருந்தடிப்போர் வேலை முடிந்து குளிக்க இடம் வேண்டும். இரவில் பிள்ளையைக் கொண்டுபோக வாகனம் ஆயத்தமாக நிற்க வேண்டும். பிள்ளைக் காம்பரா பொறுப்பாளருக்கு முதலுதவிப் பயிற்சி வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்மாரே, அடுத்த பேச்சுவார்த்தையில் இவற்றை எழுத்தில் கொடுங்கள். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்.