வெங்காயத் தோலுக்குள் ஒரு கடிதம்

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார்: "காலேஜில் படிக்கிற என் பெண் 'டார் பிரவுசர்' என்று ஏதோ ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறாள். அதன் வழியாகத்தான் 'டார்க் வெப்' என்கிற இருட்டு வலைக்குள் போகிறார்களாமே! கஞ்சாவும் கள்ளத் துப்பாக்கியும் விற்கிற இடம் என்று டெலிவிஷனில் சொன்னார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதை அழித்துவிடச் சொல்லட்டுமா?"

அழிக்க வேண்டாம், அம்மா. ஆனால் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு முறை பேசிவிடுங்கள். அதற்கு உபயோகமாக இருக்கட்டும் என்று, எனக்குத் தெரிந்த சமாசாரங்களை இங்கே எழுதுகிறேன். மற்ற சகோதரிகளுக்கும் பயன்படும்.

சாதாரணமாக நாம் கம்ப்யூட்டரிலோ கைப்பேசியிலோ ஒரு பக்கத்தைத் திறந்தால், நாம் எங்கே போகிறோம் என்பது நமக்கு இணைப்புக் கொடுத்த கம்பெனிக்குத் தெரியும். நாம் எந்த இணைப்பிலிருந்து வந்திருக்கிறோம் என்பது போய்ச் சேருகிற இடத்துக்கும் தெரியும். தபால்காரர் நம் வீட்டுப் படியேறுவதை எதிர் வீட்டு அம்மாள் பார்ப்பது போலத்தான். கடிதத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை நாளைக்கு ஒரு தரம் வருகிறது என்று தெரிந்தால் போதாதா? மீதிக் கதையை அவளே கட்டிவிடுவாளே!

இதற்கு ஒரு மாற்று வழியை 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக் கூடத்தில் மூன்று பேர் யோசித்தார்கள். பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் என்று பெயர். தங்கள் உபாயத்துக்கு அவர்கள் 'ஆனியன் ரூட்டிங்' என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நம் அடுப்பங்கரை வெங்காயமேதான்!

ஒரு கடிதத்தை மூன்று உறைகளுக்குள் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு ஒட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் வெளி உறையைப் பிரிக்கிறார். உள்ளே இருப்பது இரண்டாவது ஆளின் முகவரி மட்டுமே. இரண்டாமவர் அடுத்த உறையைப் பிரித்தால் மூன்றாமவரின் முகவரி. மூன்றாமவர் கடைசி உறையைப் பிரித்து, போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுகிறார். முதல்வருக்குக் கொடுத்தவரைத் தெரியும். போகும் இடம் தெரியாது. மூன்றாமவருக்குப் போகும் இடம் தெரியும், கொடுத்தவரைத் தெரியாது. நடுவில் இருப்பவருக்கு இரண்டுமே தெரியாது. வெங்காயத்தைத் தோல் தோலாக உரிப்பது போல வேலை நடக்கிறது. கண்ணீர் மட்டும் இல்லை.

இந்த வழியில் ஓடுவதுதான் டார். 2002-ல் அது இயங்கத் தொடங்கியது. 2006-ல் லாப நோக்கமில்லாத ஒரு ஸ்தாபனமும் அதற்காக ஏற்பட்டது. கடிதத்தைக் கைமாற்றிவிடும் ஆட்கள் என்று சொன்னேனே, அவை உலகமெங்கும் அநேகமாகத் தொண்டர்களே நடத்தி வரும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள்.

கடற்படைக்காரர்கள் யோசித்த யுக்தி ஊருக்கெல்லாம் இலவசமாக வந்தது எப்படி என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அதில் தர்ம சிந்தனை மட்டும் இல்லை. கடைத் தெருவில் ஒரே ஒருவர் முகமூடி போட்டுக்கொண்டு நடந்தால் எல்லோரும் அவரையே பார்ப்பார்கள். கடற்படையார் மட்டும் இதை உபயோகித்தால், 'இந்த வழியாக வருகிறவர் கடற்படை ஆசாமி' என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஊரே முகமூடி போட்டால்தான் ஒருவருடைய முகம் மறையும். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டாரை வைத்துக்கொண்டு நாம் எப்போதும் படிக்கிற பத்திரிகைகளையும் படிக்கலாம். அது தவிர, அதன் வழியாக மட்டுமே போகக்கூடிய முகவரிகளும் உண்டு. 56 எழுத்துக்களும் எண்களும் கலந்து, '.ஆனியன்' என்று முடியும். அந்தப் பேட்டைக்குத்தான் இருட்டு வலை என்று பெயர். அங்கே திருட்டுச் சந்தைகள் இருப்பது வாஸ்தவம். ஆனால் 2014-ல் பேஸ்புக்கும், 2017-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையும், 2019-ல் பி.பி.சி.யும் அங்கே ஒரு வாசல் திறந்தன. அரசாங்கம் செய்தியை அடைத்து வைக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு அதுதான் ஜன்னல்.

2022 செப்டம்பரில் ஈரானில் மாஷா அமினி என்ற 22 வயதுப் பெண், தலையை மூடியிருந்த விதம் சரியில்லை என்று பிடித்துச் செல்லப்பட்டு, காவலில் இருக்கும்போதே உயிரிழந்தாள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். சில நாட்களுக்குள் அங்கே இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் தடுக்கப்பட்டன. அப்போது அந்த நாட்டில் டாரின் உதவியை நாடியவர்கள் தொகை மளமளவென்று ஏறியது. வெளியூர்க்காரர்கள் தங்கள் சொந்தக் கம்ப்யூட்டர் வழியாக அவர்களுக்குப் பாதை திறந்துவிட 'ஸ்னோஃப்ளேக்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குப் புறக்கடைக் கதவைத் திறந்து வைப்பது போன்ற காரியம் அது. இருட்டு என்றால் திருடன் மட்டும்தானா ஒதுங்குவான்? துரத்தப்பட்டவளும் ஒதுங்குகிறாள்.

போகட்டும். இத்தனை பலமான முகமூடி இருந்தும் பல பேர் அகப்பட்டுக்கொண்டார்களே, எப்படி? மூன்று கதைகள் சொல்கிறேன். மூன்றும் நடந்தவை.

முதலாவது, 2007-ல். சுவீடன் நாட்டுக் கம்ப்யூட்டர் நிபுணர் டான் எகர்ஸ்டாட், டார் வரிசையில் மூன்றாவது ஆளாகச் சில கம்ப்யூட்டர்களை நிறுத்தினார். கடைசி உறையைப் பிரிப்பவர் அல்லவா? உள்ளே இருந்த கடிதம் ஒட்டாமல் இருந்தால் படித்துவிடலாம். படித்தார். பல நாட்டுத் தூதரகங்களும் அரசாங்க அலுவலகங்களும் சம்பந்தப்பட்ட சுமார் நூறு மின்னஞ்சல் கணக்குகளின் ரகசியச் சொற்கள் அவர் கைக்கு வந்தன. அவற்றில் நம் இந்தியத் தூதரகக் கணக்குகளும் இருந்தன! டார் 'யார் அனுப்பியது' என்பதை மறைக்கும். 'என்ன எழுதியது' என்பதை முழு வழியும் மூடி வைக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. அதற்காகத்தான் முகவரியின் தலைப்பில் எச்.டி.டி.பி.எஸ். என்ற எழுத்துக்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, 2013 டிசம்பர் 16. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் வெடிகுண்டு வைத்திருப்பதாகப் பொய் மின்னஞ்சல்கள் வந்தன. கட்டடங்களைக் காலி செய்தார்கள், பரீட்சை நின்றது. எழுதியவன் ஒரு மாணவன். பரீட்சையைத் தவிர்க்க வேண்டும், அவ்வளவுதான் காரணம்! டார் வழியாகத்தான் அனுப்பினான். ஆனால் சர்வகலாசாலையின் சொந்த இணைப்பிலிருந்தே டாருக்குள் போனான். அன்று காலை நம் இணைப்பில் டாரை உபயோகித்தது யார் யார் என்று அதிகாரிகள் பார்த்தார்கள். அவன் பெயர் வந்தது. கூப்பிட்டுக் கேட்டார்கள், ஒப்புக்கொண்டுவிட்டான். கடைத் தெருவில் தனி முகமூடி என்று சொன்னேனே, அதுதான் இது.

மூன்றாவது ஆசாமி பெரிய கில்லாடி. ராஸ் உல்பிரிக்ட் என்ற அமெரிக்கர், 2011-ல் இருட்டு வலையில் 'சில்க் ரோடு' என்ற போதைச் சரக்குச் சந்தையைத் தொடங்கினார். டார் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவரே, அந்த ஆரம்ப நாட்களில், கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தேவை என்று சாதாரண வலையில் எழுதி, பதில் போடுவதற்குத் தம் சொந்தப் பெயர் உள்ள முகவரியைக் கொடுத்திருந்தார்! 2013 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தபோது, பின்னால் ஓர் ஆணும் பெண்ணும் பலமாகச் சண்டை போட்டார்கள். குடும்பச் சண்டை என்றால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? அவரும் திரும்பினார். சண்டைக்காரர்கள் இருவரும் ரகசியப் போலீஸ்! பூட்டாமல் திறந்திருந்த கம்ப்யூட்டர் அப்படியே அவர்கள் கைக்குப் போய்விட்டது. 2015-ல் ஆயுள் தண்டனை பெற்றார். 2025 ஜனவரியில் ஜனாதிபதியின் மன்னிப்பால் வெளியே வந்தார்.

மூன்று பேரும் ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை: 'இதை நான் யாரிடமிருந்து மறைக்கிறேன்?' தூதரகக் கணக்குகளை டார் வழியாகத் திறந்தவர்கள் வழியில் நிற்பவரை மறந்தார்கள். மாணவன் வீட்டுக்காரரை மறந்தான். சந்தைக்காரரோ தம்மையே மறந்தார்.

கல்லூரிப் பெண்ணிடம் கேட்க வேண்டியதும் இதே கேள்விதான். மிரட்டலாக அல்ல, சாதாரணமாக. "விளம்பரக் கம்பெனிகள் என்னைப் பின்தொடர்வது பிடிக்கவில்லை, அம்மா" என்றால் நல்ல பதில். "பத்திரிகைத் தொழில் படிக்கிறேன், தகவல் கொடுப்பவர் பெயரைக் காப்பாற்றக் கற்றுக்கொள்கிறேன்" என்றால் இன்னும் நல்ல பதில். டாரை உபயோகிப்பது மட்டுமே நம் நாட்டில் குற்றமல்ல. ஆனால் வெளிச்சத்தில் குற்றமானது இருட்டிலும் குற்றமே, தண்டனையும் அதேதான்.

கூடவே இந்த ஜாக்கிரதைகளையும் சொல்லி வையுங்கள். டார் பிரவுசரை அதன் சொந்த இடமான டார்ப்ராஜெக்ட்.ஆர்க் என்ற முகவரியிலிருந்து எடுப்பதே நல்லது. யாரோ அனுப்பினார்கள் என்று வாங்கக் கூடாது. புதிய பதிப்பு வந்தால் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும். அதனுடன் வேறு உபரி சாமான்கள் எதையும் சேர்க்கக் கூடாது. முகமூடி போட்டுக்கொண்டு சொந்தக் கணக்கைத் திறந்தால், 'நான்தான் இன்னார்' என்று கூவியது போலத்தான். அங்கிருந்து இறக்கிய கோப்புகளை இணைப்பு இருக்கும்போது திறக்கக் கூடாது. சில கோப்புகள் முகமூடிக்கு வெளியே எட்டிப் பார்த்து நம் முகவரியைச் சொல்லிவிடும். 56 எழுத்து முகவரியில் ஒன்று மாறினாலும் போலிக் கடைதான். ஆகவே அந்தந்த ஸ்தாபனம் தானே வெளியிட்ட முகவரியை மட்டும் நம்ப வேண்டும். பணம் கேட்கிற இடத்தில் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். இதைப் படிக்கிறவர்களில், மகளுக்காக அல்ல, தனக்காகவே ரகசியம் தேவைப்படுகிற சகோதரி ஒருத்தி இருக்கக்கூடும். அடி வாங்குகிறவள், யாரிடம் போகலாம், சட்டம் என்ன சொல்கிறது என்று ரகசியமாகத் தேடிப் பார்க்க விரும்புகிறவள். அவளுக்கு டார் உதவுமா?

'யாரிடமிருந்து' என்று கேளுங்கள். அவள் மறைக்க வேண்டியது தூரத்துக் கம்பெனியிடமிருந்து அல்ல. அதே வீட்டில், அதே கைப்பேசியை எடுத்துப் பார்க்கிற மனிதரிடமிருந்து. கைப்பேசியில் உளவுச் சாதனம் ஏற்றப்பட்டிருந்தால் திரையில் தெரிவதெல்லாம் அவருக்கும் தெரியும். எத்தனை தோல் போர்த்தினாலும் பயன் இல்லை. போதாததற்கு, வெங்காயப் படம் போட்ட புதுச் சின்னம் ஒன்று கைப்பேசியில் இருந்தால், 'இது எதற்கு?' என்ற கேள்வி வரும். இரண்டு பேர் உள்ள வீட்டில் முகமூடி போட்டால் அது யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

அவளுக்கு நான் சொல்லும் வழி எளியது. தன் கைப்பேசியைத் தொட வேண்டாம். நம்பிக்கையான ஒரு சிநேகிதியின் கைப்பேசியிலிருந்தோ, வேலை செய்யும் இடத்திலிருந்தோ 181 என்ற எண்ணைக் கூப்பிடட்டும். பெண்களுக்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் உதவி எண் அது. அந்தச் சிநேகிதி நீங்களாக இருந்தால், எதற்கு என்று கேட்காமல் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சமையலறைப் பக்கம் போய் வாருங்கள்.