டைமிங் பெல்ட் அறுந்தது விதியால இல்லீங்க!

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்டல. இன்னிக்கு எழுத வச்சது ஒரே விஷயம்: கடுப்பு. கலப்படமில்லாத சுத்தமான கடுப்பு.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி. தாம்பரத்துல ஒரு விசேஷத்தை முடிச்சுட்டு கூடுவாஞ்சேரிக்குத் திரும்பிட்டிருந்தோம். பக்கத்துல தங்கமணி, பின் சீட்டுல அம்மாவும் மடியில தூங்குற பொண்ணும். வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டுல எழுபதுல போறப்ப 'டக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான். இஞ்சின் அணைஞ்சிருச்சு. ஸ்டியரிங் கல்லு மாதிரி கனக்குது. பிரேக் ரெண்டு மிதிக்கு அப்புறம் மரக்கட்டை. பின்னாடி ஒரு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே ஒட்டி வருது. எப்படி ஓரம் கட்டினேன்னு இப்ப யோசிச்சாலும் உள்ளங்கை வேர்க்குது.

மறுநாள் சர்வீஸ் சென்டர்ல சொன்னாங்க: "டைமிங் பெல்ட் அறுந்துருச்சு சார். இஞ்சின் போச்சு. ஒன்றரை லட்சம் ஆகும். என்ன பண்றது, உங்க நேரம் சார்."

அந்த "உங்க நேரம்" இருக்கு பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன். இஞ்சின்ல கீழ கிராங்க், மேல கேம்ஷாஃப்ட். கிராங்க் பிஸ்டனை ஏத்தி இறக்கும். கேம்ஷாஃப்ட் வால்வைத் திறந்து மூடும். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம்ஷாஃப்ட் ஒரு சுத்து. இந்தக் கணக்கு தப்பாம ரெண்டையும் சேத்துப் பிடிக்கிறது ஒரு பல்லு வச்ச ரப்பர் பட்டை. அதுதான் டைமிங் பெல்ட். நிறைய இஞ்சின்ல வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை மாத்தி மாத்திப் பயன்படுத்துது. இவன் போனதும் அவன் வரணும். பெல்ட் அறுந்தா கேம்ஷாஃப்ட் நின்னுடும், சில வால்வு திறந்தபடியே நிக்கும். ஆனா பிஸ்டன் நிக்காது. 3000 ஆர்பிஎம்னா நொடிக்கு 50 தடவை மேல வந்து முட்டும். வால்வு வளையாம என்ன செய்யும்?

இதுல எங்கய்யா விதி வருது?

வண்டியோட கையேட்டைத் தேடி எடுத்தேன். ரெண்டு வருஷமா டேஷ்போர்டுல பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம கிடந்துச்சு. உள்ள ஒரு கட்டத்துல பொடி எழுத்துல போட்டிருக்கான்: பெல்ட்டை 80,000 கி.மீ. அல்லது 5 வருஷத்துல மாத்தணும், எது முதல்ல வருதோ அது. என் வண்டி ஓடினது 41,000 கி.மீ. ஆனா வயசு 9 வருஷம். கெடு முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு!

நம்ம பொழப்புல சொல்லணும்னா இது எஸ்எஸ்எல் சர்டிபிகேட் மாதிரி. டிராஃபிக் கம்மின்னு அதோட காலாவதி தேதி தள்ளிப் போகுமா? ரப்பரும் அப்படித்தான். வண்டி சும்மா நின்னாலும் சூட்டுலயும் காத்துலயும் அதுக்கு வயசாகும். நம்ம ஊரு மே மாச வெயில்ல பானட்டுக்குள்ள என்ன சூடு இருக்கும்னு யோசிங்க. வெளியில பளபளன்னு இருக்கும், உள்ள இருக்கிற கண்ணாடி இழை நூல் நைஞ்சிருக்கும். அதனால "பாத்தேன் சார், பெல்ட் நல்லாத்தான் இருக்கு"ங்கிறது செக்கப்பே இல்ல.

இப்ப கணக்கு பாப்போம். யார் யாருக்கு இந்தத் தேதி தெரிஞ்சிருக்கணும்?

ஒண்ணு, வண்டியை வித்தவர். "கிலோமீட்டர் ரொம்ப கம்மி சார், வாரக்கடைசில மட்டும் எடுப்பேன்"னு அதுக்காகவே இருபதாயிரம் கூட வாங்கினார். நானும் பல்ல இளிச்சுக்கிட்டுக் குடுத்தேன்.

ரெண்டு, சர்வீஸ் சென்டர். ரெண்டு வருஷத்துல மூணு தடவை விட்டிருக்கேன். டெஃப்லான் கோட்டிங் பண்ணலாமா, ஏசி சுத்தம் பண்ணலாமான்னு போன்மேல போன். பெல்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை? கம்ப்யூட்டர்ல கிலோமீட்டரை மட்டும் தட்டிப் பாத்தாங்க, வருஷத்தைப் பாக்கல.

மூணு, அடியேன். இஞ்சினியரிங் டிகிரி வேற! சர்வருக்கு மாசா மாசம் பேட்ச் போடுறவன், சொந்த வண்டி கையேட்டை ஒரு தடவை புரட்டல. நானும் குற்றவாளிதான், ஒத்துக்கறேன்.

"மெக்கானிக்குங்க காசு புடுங்கத்தான் பெல்ட்டை மாத்து, அதை மாத்துன்னு சொல்லுவாங்க பாஸ்"னு ஆபீஸ்ல ஒருத்தர் ஞானம் வழங்கினார். அப்படிப்பட்டவங்களும் இருக்காங்க, மறுக்கல. அதுக்கு மருந்து கையேட்டுல அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்றது, பழைய பெல்ட்டைக் கையில வாங்கிப் பாக்குறது. சந்தேகம் இருக்குங்கிறதுக்காக தேதியையே மறந்துடறது மருந்து இல்ல.

வெளியூர்ல எப்படின்னு பாக்க ரொம்ப தூரம் போக வேணாம். எங்க ஸ்டேஷன்ல இருந்து செங்கல்பட்டு பக்கம் மூணாவது ஸ்டேஷன் மறைமலை நகர். அங்க ஃபோர்டு கட்டின எக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கும் போச்சு. 2022ல இங்க கார் தயாரிப்பு நின்னு போச்சு. 2023 டிசம்பர்ல அமெரிக்காவுல அந்த எக்கோஸ்போர்ட்டையும் ஃபோகஸையும் சேத்து, 1 லிட்டர் இஞ்சின் வண்டிங்க கிட்டத்தட்ட 1.4 லட்சத்தை ரீகால் பண்ணாங்க. அது டைமிங் பெல்ட் இல்ல, ஆயில் பம்பை ஓட்டுற பெல்ட்டோட டென்ஷனர். அது போனா ஆயில் அழுத்தம் போகும், இஞ்சின் நிக்கும், பிரேக் கல்லாகும். அங்க யாரும் "உங்க நேரம் சார்"னு சொல்லல. குறை என்ன, எந்தெந்த வண்டின்னு எழுதி ஊரறிய வச்சாங்க, இலவசமா மாத்தவும் சொன்னாங்க.

நம்ம நாட்டுலயும் 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவுல ரீகாலுக்கு வழி வச்சாச்சு. ஆனா அது தயாரிப்புக் குறைக்கு. கெடு தாண்டின பெல்ட் தயாரிப்புக் குறை இல்ல. இன்சூரன்ஸும் வராது, சாதாரண பாலிசில மெக்கானிக்கல் பிரேக்டவுன் சேர்த்தி இல்ல. ஆக நம்மளைக் காப்பாத்தப் போறது அந்தத் தேதி மட்டும்தான். அது கண்ணுல படுற இடத்துல இருக்கணும். இன்சூரன்ஸ் முடியுதுன்னா பத்து குறுஞ்செய்தி வருது. இஞ்சினையே காவு வாங்குற தேதிக்கு ஒண்ணுகூட வராதா?

சரி, வண்டி என்னாச்சு? நந்திவரம் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட இழுத்துட்டுப் போனேன். முதல் கேள்வியே, "அறுந்தப்புறம் எத்தனை தடவை செல்ஃப் அடிச்சீங்க?" நாலுன்னேன். தலையில அடிச்சுக்கிட்டார். ஒவ்வொரு தடவையும் இன்னும் ரெண்டு வால்வு வளைய வாய்ப்பாம். நோட் பண்ணிக்கங்க, ஓடுற வண்டி திடீர்னு அணைஞ்சா செல்ஃபைத் தொடாதீங்க.

ஹெட்டை இறக்கினார். பதினாறு வால்வுல எட்டு காலி. பிஸ்டன் மேல நகக்கீறல் மாதிரி தடம், நல்லவேளை ஓட்டை இல்ல. எட்டு வால்வு புதுசு, மத்ததுக்கு லேப்பிங், லேத்துல குடுத்து ஹெட் ஃபேசிங், புது கேஸ்கெட். பெல்ட்டோட டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாமே மாத்தினார். பெல்ட்டை மட்டும் மாத்தினா, பழைய பேரிங் இறுகி புது பெல்ட்டையும் தின்னுடும். மார்க் சேத்து, கையாலயே கிராங்க்கை ரெண்டு முழுச் சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் சாவியைக் குடுத்தார். மொத்தம் 42,000. ஒன்றரை லட்சம் எங்க, இது எங்க? அதே சமயம் ரெண்டு வருஷம் முன்னாடி பெல்ட் செட்டை மாத்தியிருந்தா ஒன்பதாயிரத்துல முடிஞ்சிருக்கும்.

கிளம்பறப்ப பெல்ட் வந்த அட்டைப் பெட்டி குப்பையில கிடந்துச்சு. உள்ள ஒரு சின்ன ஸ்டிக்கர். மாத்தின தேதி, கி.மீ., அடுத்து எப்பன்னு எழுத மூணு கோடு. "இது எதுக்குண்ணே?"

"பானட்டுக்குள்ள ஒட்டறதுக்கு. யாரும் கேக்கறதில்ல தம்பி, தூக்கிப் போட்டுருவோம்."

வாங்கி, பேனாவால எழுதி, நானே ஒட்டினேன்.

நீங்க பெருசா ஒண்ணும் பண்ண வேணாம். உங்க வண்டில இருக்கிறது பெல்ட்டா செயினான்னு கையேட்டைத் திறந்து பாருங்க. பெல்ட்டுன்னா வருஷத்தை எண்ணுங்க. பழைய வண்டி வாங்கறப்ப மீட்டரைப் பாக்குற கண்ணால பெல்ட் மாத்தின பில்லையும் கேளுங்க. இல்லைன்னு சொன்னா விலையில கழிங்க.

டிஸ்கி: சர்வீஸ் சென்டர் பேரு கேட்டுத் தனிமடல் போடாதீங்க. பிரச்சினை ஒரு கடை இல்ல, "உங்க நேரம் சார்"ங்கிற அந்த மூணு வார்த்தை.