விஜய் ஐயரின் ஆசிரியர்கள்

சக இதழ் ஒன்றில் அண்மையில் வந்த கட்டுரை விஜய் ஐயரைத் தமிழ் லய மரபின் உலக வாரிசு என்று அறிவித்திருக்கிறது. இந்த அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞரின் தாளக் கணக்குகள் ரத்தத்தில் ஊறியவை, நம் கோர்வைகள் கடல் தாண்டிப் போய் அவர் விரல்களில் பேசுகின்றன என்பது அதன் சாரம். எழுதிய ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதி மட்டுமே பேசும் என்று தொண்ணூறுகளில் பக்கம் பக்கமாக எழுதிய அதே வட்டாரம், இன்று ஒரு கலைஞன் யாருக்குப் பிறந்தான் என்பதை வைத்து அவன் கலைக்கு உரை எழுதுகிறது. வெறும் பெருமிதப் பேச்சுதானே, விட்டுவிடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். விட முடியாது. அவ்வளவு நீண்ட கட்டுரையில் ஒரே ஒரு கறுப்பினக் கலைஞரின் பெயர்கூட இல்லை. ஜாஸைப் பற்றி எழுதிவிட்டு அதை உருவாக்கியவர்களை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் போவது மறதியில் நேர்ந்த பிழை ஆகாது. ரத்தம் என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டவுடன் கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள் தேவையற்றவர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்களை மறைப்பதற்காகவே அந்த வாதம் பயன்படுகிறது. நம் மறுப்பு முழுவதும் இந்த ஒரு புள்ளியைப் பற்றியதுதான்.

வாழ்க்கைக் குறிப்பே அந்த வாதத்துக்கு இடம் கொடுக்கவில்லை. தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர் விஜய் ஐயர். மூன்று வயதில் அவர் கையில் கொடுக்கப்பட்ட வயலின், மேற்கத்திய செவ்வியல் வயலின். பியானோவைப் பெரும்பாலும் காதால் கேட்டுத் தானே கற்றுக்கொண்டார். யேலில் கணிதமும் இயற்பியலும் படித்து, பெர்க்லியில் இயற்பியல் ஆய்வுக்குச் சேர்ந்து, பாதியில் அதை விட்டு இசையறிதலை ஆய்வுப் பொருளாக்கி 1998-இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வேட்டின் பொருள் மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க இசைகள். சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன் தொண்ணூறுகளின் நடுவில் அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். பிறகு ராஸ்கோ மிட்செல், வடாடா லியோ ஸ்மித் ஆகிய மூத்தவர்களுடன் ஆண்டுக்கணக்கில் வாசித்தார். 2013-இல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. 2014-இல் ஹார்வர்டில் பேராசிரியரானார். சக இதழ் இந்தக் கடைசி இரண்டையும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அவற்றுக்கு முந்திய இருபது ஆண்டுகளில் இவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்பதுதான் விடுபட்டிருக்கிறது.

2009-இல் ஸ்டீஃபன் க்ரம்ப், மார்கஸ் கில்மோர் ஆகியோருடன் சேர்ந்து மூவர் குழுவாக அவர் வெளியிட்ட 'ஹிஸ்டாரிசிட்டி' தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள 'மிஸ்டிக் ப்ரூ', கணக்கு என்றாலே நம்முடையது என்பவர்களுக்கு மிகவும் பிடித்த பாடல். குறிலும் நெடிலுமாக மாறிவரும் அதன் தாள அலகுகள் 5-க்கு 3, 8-க்கு 5 என்று ஃபிபொனாச்சி விகிதங்களில் விரிகின்றன. இதை அவரே எழுதி விளக்கியிருக்கிறார். உடனே நம்மவர்கள், இந்த எண்கள் இத்தாலியருக்கு முன்பே யாப்பிலக்கணத்தில் இருந்தவை ஆயிற்றே என்கிறார்கள். உண்மைதான். லகுவையும் குருவையும் அடுக்கும் வகைகளை எண்ணிய ஹேமசந்திரர் 12-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வரிசையைச் சொல்லிவிட்டார். ஆனால் ஹேமசந்திரர் குஜராத்தின் சமண முனிவர். அவர் அலசியது பிராகிருத, சமஸ்கிருத யாப்பு. அதைத் தமிழ் ரத்தத்தில் சேர்க்க எந்த வழியும் இல்லை. அதைவிட முக்கியமானது, பாடல் வந்த பாதை. 'மிஸ்டிக் ப்ரூ' ஆர்கன் கலைஞர் ரோனி ஃபாஸ்டர் 1972-இல் வெளியிட்டது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சுழலவிட்டு 1993-இல் 'எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட்' என்ற நியூயார்க் ஹிப் ஹாப் குழு தன் பாடலைக் கட்டியது. விஜய் ஐயரின் தலைமுறைக்கு அந்த மெட்டு பழகியது இந்தச் சுழற்சியின் வழியாகத்தான். சமமில்லாமல் நொண்டும் அந்தச் சுழற்சிக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருப்பதைக் கண்டு அதை நீட்டிப் பார்த்தார் என்பதே அவருடைய கெட்டிக்காரத்தனம். எண்கள் எங்கும் உண்டு. அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய் வைக்க அவருக்குக் கிடைத்த இடம் கறுப்பின நியூயார்க்கின் இடம்.

அதே தொகுப்பில் 'கலாங்' இருக்கிறது. சக இதழ் இதில்தான் உச்சிக்குப் போகிறது. மூலப் பாடகி எம்.ஐ.ஏ., மாதங்கி அருள்பிரகாசம், ஈழத் தமிழர். வாசிப்பவர் தமிழ்ப் பெற்றோரின் மகன். ஆகவே இது உலக மேடையில் இரண்டு தமிழர் சந்தித்த தருணமாம். பாடலைக் கேட்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பியானோவின் கீழ்ச் சுரங்கள் மேளத்தின் தொப்பிபோல் அடித்து இறங்குகின்றன. மின்கருவியில் செய்த தாளத்தை கில்மோர் கையாலும் காலாலும் வாசித்து, இயந்திரத்துக்கு இல்லாத மூச்சை அதற்குக் கொடுக்கிறார். அந்தத் தாளம் லண்டனில் குடியேறிய ஜமைக்கா மக்களின் டான்ஸ்ஹால் இசையிலிருந்து வந்தது. பாட்டின் பேச்சு வழக்கும் அவர்களிடமிருந்து எடுத்ததுதான். இரண்டு தமிழர் சந்தித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் சந்தித்த மண் கரீபிய மண். அடிமைக் கப்பல்களில் கொண்டுசெல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டிய வீட்டில் விருந்தாளியாகச் சந்தித்துவிட்டு, வீடே நம்முடையது என்று பட்டா எழுதிக்கொள்வது நியாயமா?

எதிர்த்தரப்பிடம் சான்றே இல்லை என்று சொல்லமாட்டோம். தென்னிந்திய லய முறைகள் தம் தொடக்ககால ஆக்கங்களில் உண்டு என்று விஜய் ஐயர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 2003-இல் வெளிவந்த தொகுப்புக்கு 'பிளட் சூத்ரா' (ரத்தச் சூத்திரம்) என்று பெயர் வைத்தவரும் அவரே. 2011-இல் கர்நாடக இசையை கிதாரில் வாசிக்கும் பிரசன்னாவுடனும் தபலா கலைஞர் நிதின் மிட்டாவுடனும் 'தீர்த்தா'வை வெளியிட்டார். இவை மூன்றும் சேர்ந்து என்ன காட்டுகின்றன? 'தீர்த்தா'வில் ராகம் யார் கையில் இருக்கிறது என்று கவனித்தால் விடை கிடைக்கும். கமகம் கிதார் தந்தியில் இழைகிறது. பியானோ அதைப் போலி செய்ய முயலவில்லை, முயன்றாலும் முடியாது. கட்டையை அழுத்தினால் ஒரு சுரம், அடுத்த கட்டைக்கு வேறு சுரம். இரண்டுக்கும் நடுவே வழுக்கிப்போக அக்கருவியில் வழியில்லை. கர்நாடக இசையின் உயிர் இருப்பதோ அந்த நடுவெளியில். ஆகவே பியானோ ஒதுங்கி நின்று தனக்குத் தெரிந்த சேர்க்கைச் சுரங்களை வைத்து வேறொரு வெளிச்சம் தருகிறது. தமிழ் இசை பிறப்பிலேயே கைவந்த ஒருவர் இவ்வளவு தள்ளி நிற்க வேண்டியதில்லை. தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று அறிந்த மாணவரின் அடக்கம் இது. கோர்வையை அவர் வளர்ந்த பிறகு உட்கார்ந்து படித்தார். டெட்ராய்ட்டிலிருந்து வரும் எந்த மாணவரும் அப்படிப் படிக்கலாம்.

அவருடைய நடை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முதலில் தெலோனியஸ் மங்க் பெயரைச் சொல்ல வேண்டும். மங்கைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைக்கும்போது சுருக்கமாகப் பேச நமக்கு மனம் வருவதில்லை. பியானோ பள்ளிகள் விரலை வளைத்து வைக்கச் சொல்லும். மங்க் தட்டையாக நீட்டிய விரல்களால் கட்டையை அடித்தார். அடுத்தடுத்த இரண்டு சுரங்களைச் சேர்த்து அழுத்தி, இரண்டுக்கும் இடையில், கட்டையில் இல்லாத சுரத்தைக் காதில் ஒலிக்கச் செய்தார். எதிர்பார்த்த இடத்தில் கை இறங்காமல் நிற்கும்; கேட்பவர் மனம் அந்தச் சுரத்தைத் தானே வாசித்துக்கொண்ட பிறகு, சற்றே தாமதமாக, வேறொரு சுரம் விழும். டியூக் எலிங்டனின் பியானோவிலிருந்து மங்க், ஹெர்பி நிக்கல்ஸ், ஆண்ட்ரூ ஹில், சிசில் டெய்லர் என்று ஓடும் இந்த ஓட்டத்தில் பியானோ முதலில் ஒரு தாளக் கருவி. விஜய் ஐயரின் 2010-ஆம் ஆண்டுத் தனி வாசிப்புத் தொகுப்பில் எலிங்டனும் மங்கும் ஸ்டீவ் கோல்மனும் வரிசையாக வருகிறார்கள். கடன் பட்டியலை அவரே வாசித்துக் காட்டிவிட்டார். ஆய்வேட்டின் வாதமும் இதே திசைதான்: லயம் என்பது மூளை தனியாக எண்ணும் எண்ணிக்கை அல்ல, நடையும் மூச்சும் விரலசைவும் உள்ள உடம்பு உணர்வது. இரண்டாம், நான்காம் அடியில் விழும் டிரம் அடி ஒரு நொடியின் மிகச் சிறிய பின்னம் பிந்தி விழுவதால்தான் பாட்டு நம்மை ஆட்டுகிறது. கோர்வைக் கணக்கில் இந்தப் பிந்தல் வராது. இதைக் கற்கப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஓர் ஆள் வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரலாம். மார்கஸ் கில்மோர், மாபெரும் டிரம் கலைஞர் ராய் ஹெய்ன்ஸின் பேரன். ஜாஸிலும் வம்சம் உண்டல்லவா? உண்டு. டிரம் இருக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பிறரைவிடப் பத்து வருடம் முன்பாகவே பாடம் தொடங்கிவிடுகிறது. அது வீட்டின் கொடை. அதே ரத்தம் டிரம் இல்லாத வீட்டில் வளர்ந்திருந்தால் டிரம் வாசித்திராது. இதை ஆந்திர எல்லை ஊரான தடாவில் இருந்துகொண்டு எழுதும்போது கண்ணெதிரே ஒரு சான்று இருக்கிறது. ஷேக் சின்ன மௌலானா ஓங்கோலுக்குப் பக்கத்தில் கரவதியில் 1924-இல் பிறந்தவர். தெலுங்கு பேசும் முஸ்லிம் குடும்பம். தஞ்சாவூர்ப் பாணி நாதஸ்வரத்தின் மேல் கொண்ட ஆசையால் நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்து பயின்றார், ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார், 1998-இல் சங்கீத கலாநிதி ஆனார். ஓங்கோலிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 1960-இல் எல்லைக்கோடு சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்களை ஒரு பக்கமும் திருத்தணியை மறுபக்கமும் தள்ளியபோது யாருடைய சீவாளியும் தொனி மாறவில்லை. மௌலானாவின் தோடியில் தமிழ் ரத்தம் பேசியது என்று சொல்ல யாருக்காவது துணிவு உண்டா? அதில் பேசியது நாச்சியார்கோவில். அதே நேர்மையை விஜய் ஐயர் விஷயத்தில், கோல்மனும் மிட்செலும் வந்த சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் ஏன் கொடுக்க மறுக்கிறோம்?

காரணத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். சக இதழ் தமிழ் ரத்தம் என்று எழுதும்போது, பெயரின் பின்னொட்டைப் பார்த்துக் கணக்கும் சங்கீதமும் ஒரு சாதிக்குக் கூடப்பிறந்தவை என்று சொல்லாமல் சொல்கிறது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயரிலிருந்து கழற்றச் சொன்ன சாதிப் பின்னொட்டைக் கடல் கடந்துபோய்த் தேடி எடுத்துப் பூட்டிக்கொள்வதற்கு இது ஒரு வழி. (கலைஞர் மீது இதில் குற்றமில்லை, அந்நாட்டில் அது வெறும் குடும்பப் பெயர்.) வரலாறு வேறு கதை சொல்கிறது. நம் லயக் கணக்கின் பெரும் பகுதி தவில்காரர்களின் கொடை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை, அரண்மனையில் விளக்கேந்தும் வேலை பார்த்தவர் என்பார்கள். அவர் லயம் கற்றது மாரியப்பத் தவில்காரரிடம். அவர் வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை மிருதங்கக்காரர் என்பதால் மேடையில் உட்காரும் வரிசையை மாற்ற வேண்டுமே என்று அவரைத் தவிர்த்த வித்துவான்கள் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் பிடிவாதமாக அவரை அழைத்து வாசிக்கவைத்தார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் கேட்டு வளர்ந்த காதுகள்தான் பின்னாளில் சபாக்களில் கணக்குப் பேசின. சபா வளர வளர தவில் வாசலுக்குத் தள்ளப்பட்டது. கணக்கு மட்டும் உள்ளே தங்கியது. கறுப்பினத்தவரின் இசையை எடுத்துக்கொண்டு அவர்கள் பெயரை அழித்த அமெரிக்காவின் கதையும் இதுவும் ஒரே முறையில் எழுதப்பட்டவை. ஆகவேதான் சக இதழின் கட்டுரை வெறும் ஜாஸ் சமாசாரமாக நமக்குப் படவில்லை.

விஜய் ஐயருக்குத் தம் இந்தியப் பிறப்பு பொருட்டில்லை என்று நாம் சொன்னதாகக் கொள்ள வேண்டாம். 2001-இல் ஈரானியத் திரைப்பட இயக்குநர் ஜாபர் பனாஹி நியூயார்க் விமான நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்டதைத் தொடக்கமாகக் கொண்டு, மைக் லாட் என்ற கவிஞருடன் சேர்ந்து 'இன் வாட் லாங்குவேஜ்?' என்ற படைப்பை 2003-இல் வெளியிட்டார். விமான நிலைய வரிசையில் பழுப்புத் தோல் என்ன பாடுபடுகிறது என்பதே அதன் பொருள். அங்கே அவருடைய பிறப்பு பேசுகிறது, அதுவும் பிறருடைய துன்பத்தோடு சேர்ந்து பேசுகிறது. 2014-இல் யேலின் ஆசிய அமெரிக்கப் பழைய மாணவர்களிடம் பேசியபோது, அந்நாட்டில் வெற்றி பெற்றுவிட்ட ஆசியர்கள் அந்த வெற்றியின் வழியாகவே அங்குள்ள அநீதிக்கு உடந்தையாகும் ஆபத்தை எடுத்துச் சொன்னார். லிண்டா மே ஹான் ஓ, டைஷான் சோரி ஆகியோருடன் 2021-இல் வெளியிட்ட 'அன்ஈஸி' தொகுப்பில் ஃப்ளின்ட் நகரத்துக் குழந்தைகளுக்காக ஒரு பாடல் உண்டு. ஈயம் கலந்த குழாய்த் தண்ணீரைக் குடிக்க நேர்ந்த, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் நகரம் அது. கறுப்பின உயிர்களுக்கான போராட்டத்தை ஒட்டி 2014-இல் செய்த 'காம்பட் ப்ரீதிங்' அதே தொகுப்பில் இருக்கிறது. வெற்றி பெற்ற தமிழர் பட்டியலில் அவரை ஒட்டவைத்தவர்கள் இந்த இரண்டு பாடல்களையும் கேட்டிருந்தால், எந்தப் பட்டியலிலிருந்து வெளியேற அவர் இத்தனை ஆண்டு பாடுபடுகிறார் என்பது புரிந்திருக்கும்.

ஆசிரியர் யார் என்ற கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். திருப்பதியில் தேவஸ்தானம் நாதஸ்வரமும் டோலும் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறது. சூலூர்ப்பேட்டை, காளஹஸ்தி, சத்தியவேடு என இந்தச் சுற்றுவட்டாரக் கோயில்களில் வாசிப்பவர்கள் யாரிடம் கற்றார்கள், அந்த ஆசிரியர் எந்த ஊரிலிருந்து வந்தார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்ற கேள்விகளைத் தமிழில் எந்தச் சிற்றிதழும் இதுவரை பொறுமையாகக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. நாமும் எழுதவில்லை. அடுத்த இதழிலிருந்து இதற்குப் பக்கங்கள் ஒதுக்குகிறோம். கட்டுரைகள் தமிழில் வரலாம், தெலுங்கில் வந்தால் மொழிபெயர்த்துப் போடுவோம். நிபந்தனை ஒன்றுதான்: வாசிப்பவரின் பெயருக்கு முன்னால் கற்றுக்கொடுத்தவரின் பெயர் இருக்க வேண்டும்.